வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க இளம் தம்பதி பட்ஜெட் எப்படிப் போடுவது?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: மதுரையில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை. வீட்டுக் கடன் 25 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். பன்னிரண்டு, பதின்மூன்று வருடத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். எந்தச் செலவைக் குறைக்கலாம் என்கிறார்.

முடிக்கலாம். ஆனால் எந்தச் செலவு என்பதில்தான் நாங்கள் ரொம்ப நாள் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

2021 ஜூலையில் ஒத்தக்கடைப் பக்கம், மொட்டை மாடியில் நின்றால் யானைமலை தெரிகிற மாதிரி ஒரு சின்ன வீடு வாங்கினோம். கடன் 22 லட்சம், வட்டி 6.65 சதவீதம், 240 தவணை, மாதம் 16,597 ரூபாய். ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, அது ஏறினால் எங்கள் வட்டியும் ஏறும்) 4 சதவீதத்தில் கிடந்த காலம் அது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அதே வருடம் மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏற்ற ஆரம்பித்து, செப்டம்பர் கடைசியில் 5.9 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யார் பார்த்தது? கணக்கிலிருந்து மாதாமாதம் அதே 16,597 போய்க்கொண்டிருந்தது. அதனால் ஒன்றும் மாறவில்லை என்றே இருந்துவிட்டோம்.

தீபாவளி முடிந்து, வேறு எதற்கோ கடன் ஸ்டேட்மெண்ட் எடுத்தோம். கடைசி வரி: வட்டி 15,255, அசல் 1,342. மீதித் தவணை 225 இருக்க வேண்டிய இடத்தில் 354. என் வீட்டுக்காரர் காலண்டர் தாளின் பின்பக்கம் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தார். இருபத்தொன்பதரை வருடம். "இது முடியும்போது எனக்கு அறுபது தாண்டிரும்லம்மா" என்றார். பதினைந்து மாதம் கட்டி முடித்த பிறகு, வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடக் கடன் ஒன்பதரை வருடம் நீண்டிருந்தது.

நடந்தது மோசடி எதுவும் இல்லை. வட்டி ஏறும்போது பெரும்பாலும் மாதத் தவணைத் தொகையான இ.எம்.ஐ.யைத் தொடாமல் தவணை எண்ணிக்கையை நீட்டிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு உத்தரவு போட்டது: வட்டி மாறும்போது தவணைத் தொகையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். கேட்டு வரும் செய்தியை நாம் படிக்க வேண்டுமே. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மெண்ட் எடுத்து, அசலில் எவ்வளவு கழிந்தது, மீதித் தவணை எத்தனை என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இனி உங்கள் கணக்கு. 25 லட்சத்துக்கு இ.எம்.ஐ. 21,696 ரூபாய். முதல் மாதம் அதில் 17,708 வட்டிக்கே போய்விடும், அசலுக்கு 3,988. இப்படியே இருபது வருடம் போனால் வட்டி மட்டும் 27 லட்சம். முதல் மாதத்திலிருந்தே 5,000 சேர்த்துக் கட்டினால் 12 வருடம் 10 மாதத்தில் கடன் முடிந்துவிடும், வட்டியில் கிட்டத்தட்ட 11 லட்சம் மிச்சம். முதல் வருடக் கடைசியில் ஒரே ஒரு லட்சம் மொத்தமாகக் கட்டினால்கூட 21 தவணை குறையும். ஆனால் கட்டும்போதே "இ.எம்.ஐ. அப்படியே இருக்கட்டும், தவணை எண்ணிக்கையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் விட்டதால் நாங்கள் முதன்முதலாகக் கட்டிய 40,000 ரூபாய்க்கு இ.எம்.ஐ.யில் முந்நூற்றுச் சொச்சம் குறைத்து அனுப்பினார்கள். அதை மாற்ற இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் கேட்கக் கூடாது என்பது 2012 முதல் இருக்கும் விதி. அந்தப் பயம் வேண்டாம்.

சரி, அந்த 5,000 எங்கிருந்து வரும்?

நாங்களும் முதலில் எல்லோரையும் போல ஹோட்டல், சினிமா, ஜிகர்தண்டா என்று வெட்டினோம். எனக்கு அண்ணா நகர் பக்கம் ஒரு லேபில் வேலை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் ஸ்கூட்டியை நிறுத்தினேன். கொஞ்சம் முன்னாடியே கிளம்பி அண்ணா நகர் உழவர் சந்தையில் காய் வாங்கினேன். (1999இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அதுதான். இன்றும் கீரைக்கு அங்கேதான் போகிறேன்.) எல்லாம் சேர்ந்து மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. அவர் கப்பலூருக்குத் தினம் பைக்கில் போய்வருகிறார். பெட்ரோல் மூவாயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

மிச்சம் பிடித்ததெல்லாம் வைகாசி பிறந்ததும் காணாமல் போனது. 2023இல் ஒரு வருடம் நோட்டுப் போட்டு எழுதினோம். அப்போதுதான் பிடிபட்டது. செய்முறை, அதாவது சொந்தபந்தங்களின் விசேஷத்துக்கு வைக்கிற மொய்யும் சீரும்.

மதுரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல், சடங்கு, எதற்கும் போகாமல் இருக்க முடியாது, வெறுங்கையோடும் போக முடியாது. நமக்கு 2,001 செய்தவருக்கு நாம் 2,501 செய்ய வேண்டும். அந்த வைகாசியில் நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் சீர் வேறு: அரைப் பவுன் தோடு, தட்டு வரிசை, கிடா. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 61,000 ரூபாய். அதாவது மாதம் 5,000. உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதாக மேலே சொன்னேனே, அதே 5,000.

இதை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் அத்தை வீட்டுப் படியேற முடியாது. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: சம்பளம் வந்த அன்றைக்கே இ.எம்.ஐ.யை ஒதுக்குவது மாதிரி 5,000 ரூபாயை எடுத்து, விளக்குத்தூண் ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்றில் போட்டு பீரோவில் வைத்தோம். மொய், சேலை, வேன் காசு எல்லாம் அந்தப் பைக்குள்தான். பை காலியானால் அந்த மாதம் செய்முறை குறையும், கடன் தவணை குறையாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது இல்லையா, அந்த இரண்டு மாதக் கடைசியில் பையைக் கொட்டி எண்ணி, மிஞ்சியதைக் கடனில் கட்டிவிடுவோம். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் தைரியமாக இ.எம்.ஐ.யை ஏற்ற முடிந்தது. ஸ்டேட்மெண்ட் பார்த்த அதிர்ச்சியில் 2023 ஜனவரியில் 20,000 ஆக்கிவிட்டு ஒவ்வொரு மாதமும் திணறிக்கொண்டிருந்தோம். 2024 ஏப்ரலில் 22,000 ஆக்கியபோது அந்தத் திணறல் இல்லை.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தோம். 2023 மார்கழியில் கையில் மிஞ்சியதோடு அவசரத்துக்கு என்று வைத்திருந்த 45,000 ரூபாயையும் சேர்த்து, மொத்தம் 60,000 கட்டிவிட்டு ஒரே சந்தோஷம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவுக்கு வயிற்று வலி, உடனே ஆபரேஷன் என்றார்கள். வங்கி தொடர் விடுமுறை. என் வளையலை அடகுக் கடையில் வைத்து 70,000 வாங்கினோம், ரெண்டு வட்டி. நாங்கள் கடனில் கட்டிய 60,000 ரூபாயால் மாதம் மிச்சமான வட்டி 457. அடகுக் கடைக்கு மாதம் 1,400. எட்டு மாதம் கட்டினோம். வீட்டுக் கடனில் போட்ட பணம் திரும்பி வராது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் என்றால் கூடுதலாகப் போட்டதைத் திரும்ப எடுக்கலாம், எங்களுடையது அது இல்லை. அதனால் முதலில் நான்கு மாதச் செலவுக்கான பணம், மருத்துவக் காப்பீடு, கடன் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில் ஒரு டெர்ம் இன்சூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு). கடனில் கூடுதலாகக் கட்டும் பார்ட் பேமெண்ட் அதற்கு அப்புறம்.

2024 ஆவணியில் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. வளையல் அதற்கு முந்தின வாரம்தான் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. மொய் எழுத லேப்டாப்பும் பிரிண்டருமாக இரண்டு பையன்கள் பந்தல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். பேர், ஊர், தொகை சொன்னால் உடனே ரசீது. செலவு போக 2,10,000 நின்றது. அன்று ராத்திரியே மச்சினர் "அண்ணே, அப்படியே கடனில் போட்டுருங்க" என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அது நம்ம காசாடா? ஊருக்குத் திருப்பிச் செய்யணும்." இரண்டு பேர் சொன்னதும் சரிதான். மொய் என்பது வட்டியில்லாத கடன், பத்துப் பதினைந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டியது. அப்போது எங்கள் வீட்டுக் கடன் வட்டி 9.15 சதவீதம். ஒரு மாதம் யோசித்துவிட்டு ஐப்பசி பிறந்ததும் கட்டிவிட்டோம். மொய் ரசீதுக் கட்டும் கடன் ஸ்டேட்மெண்டும் இப்போது ஒரே ஃபைலில் இருக்கின்றன. மஞ்சப்பை மட்டும் 5,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய்க்கு ஏறிவிட்டது.

"கடன் இருந்தால் வரி மிச்சம், எதற்கு அவசரமாக அடைக்கிறீர்கள்" என்று யாராவது ஒருவர் சொல்வார். குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரி முறையில்தான். புதிய முறையில் அது இல்லை. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே கிடையாது. எங்கள் இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் மாதம் 55,000. இதில் எந்த வரியை மிச்சம் பிடிப்பது?

2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆனது. எங்கள் வட்டியும் 8.15 சதவீதத்துக்கு வந்தது. இ.எம்.ஐ.யைக் குறைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஒரு சபலம். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நேரம். அவர் விடவில்லை, 22,000 அப்படியே போகிறது. போன வாரம் எடுத்த ஸ்டேட்மெண்டில் பாக்கி 15 லட்சத்து 97 ஆயிரம், மீதித் தவணை சரியாக 100. அந்தப் பழைய காலண்டர் தாளை இன்னும் வைத்திருக்கிறோம். 354 என்று எழுதியிருந்ததற்குக் கீழே இதையும் எழுதினார்.

கார்த்திகைக்கு இதுவரை ஐந்து பத்திரிகை வந்திருக்கிறது, அதில் இரண்டு ஒரே தேதியில். பையில் இருப்பது 8,500. மார்கழியில் எண்ணும்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.