டிஸ்சார்ஜ் ஆணையில் பிழை இருந்தால்: ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராணுவத்திலிருந்து பாதியிலேயே அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. எல்லாக் கடிதங்களிலும் ஒரே நம்பிக்கை தெரிகிறது: "விதியை மீறித்தான் செய்தார்கள், அதனால் ஆணை செல்லாது." விதிமீறல் நடந்தது என்று காட்டினால் மட்டும் பெரும்பாலும் போதாது. அந்த மீறலால் உங்களுக்கு எந்த வாய்ப்பு பறிபோனது என்பதையும் காட்ட வேண்டும். தோற்ற வழக்குகள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்றிருக்கின்றன.

பதில்கள் தரைப்படைக்கு உரியவை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தையும் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளையும் வைத்துச் சொல்கிறேன். கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

நாயக்காக இருந்தேன். 13-வது வருஷத்தில், ஐந்து ரெட் இங்க் என்ட்ரி (தண்டனைப் பதிவுத் தாளில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைகள்) இருக்கிறது என்று சொல்லி டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். ஷோகாஸ் நோட்டீஸ் ஒன்று கொடுத்தார்கள், பதிலும் எழுதினேன். விசாரணை எதுவும் நடக்கவில்லை. இதை மாற்ற முடியுமா?

நான்கு ரெட் இங்க் என்ட்ரி வந்துவிட்டால் தானாக வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் யூனிட்டுகளில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அது தவறு. இப்படி அனுப்புவது விதி 13(3) அட்டவணையின் III(v) பிரிவில் வரும். அதற்கு உத்தரவிட வேண்டியவர் பிரிகேட் அல்லது சப் ஏரியா கமாண்டர், உங்கள் சி.ஓ. (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) அல்ல. அதோடு 1988 டிசம்பர் 28 தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதம் ஒன்று உண்டு. முதலில் பாரபட்சமில்லாத ஒரு விசாரணை நடத்த வேண்டும், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், நீண்ட சர்வீஸ், கடினமான இடங்களில் செய்த பணி, பென்ஷன் நெருங்கும் நிலை எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்று அது சொல்கிறது.

2015-ல் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதத்தை வைத்துத்தான் டிஸ்சார்ஜை ரத்து செய்தது. என்ட்ரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அனுப்பியது செல்லாது என்றது. அவருக்கு அதற்குள் வயது கடந்துவிட்டதால் மறுபடி சேர்க்கச் சொல்லவில்லை. பென்ஷனுக்குத் தேவையான காலம் வரை பணியில் இருந்ததாகக் கருதச் சொன்னது. இடைப்பட்ட காலச் சம்பளம் கிடைக்கவில்லை, பென்ஷன் கிடைத்தது. உங்கள் மனுவிலும் இதே பரிகாரத்தைக் கேளுங்கள்.

எதிர்த் தரப்பு கையில் எடுக்கப்போகும் தீர்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ல் சத்குர் சிங் வழக்கில் ரெட் இங்க் என்ட்ரிகள் இருந்த ஒருவரின் டிஸ்சார்ஜை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1988 கடிதம் சொல்லும் விசாரணை, கோர்ட் ஆஃப் இன்கொயரி (அதிகாரிகள் குழு சாட்சியம் பதிந்து நடத்தும் முறையான விசாரணை) போல விரிவாக இருக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு தரப்பட்டிருந்தால் போதும் என்றது. ஆகவே உங்கள் வழக்கு ஷோகாஸ் நோட்டீசுக்கு நீங்கள் எழுதிய பதிலில்தான் நிற்கிறது. என்ட்ரி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருந்தீர்களா? ஃபீல்டில் இருந்த வருஷங்களைக் குறிப்பிட்டிருந்தீர்களா? அப்படி எழுதியும் ஆணையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. "மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் பாதை கடினம்தான். அப்போதும் உத்தரவிட்ட அதிகாரி யார், சர்வீசையும் பென்ஷன் நிலையையும் அவர் கணக்கில் எடுத்தாரா என்ற கேள்விகள் மிச்சமிருக்கின்றன.

சம்மரி கோர்ட் மார்ஷலில் (சுருக்கமான ராணுவ நீதிமன்ற விசாரணை) டிஸ்மிஸ் ஆனேன். சாயங்காலம் குற்றச்சாட்டுத் தாள் கொடுத்தார்கள், மறுநாள் காலையே விசாரணை. "ஒத்துக்கொள், லேசாக முடித்துவிடலாம்" என்றார்கள். நம்பி ஒத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

படிக்கவே மனம் கனத்தது. இதே கதையைச் சொல்பவர்கள் நிறைய பேர். சம்மரி கோர்ட் மார்ஷலில் சி.ஓ. ஒருவரே நீதிமன்றம். கூடவே உட்காரும் இரண்டு பேருக்குத் தீர்ப்பில் பங்கு கிடையாது. இவ்வளவு அதிகாரம் ஒரே கையில் இருப்பதால்தான் அதைச் சுற்றி விதிகள் வேலியாக நிற்கின்றன. வேலி உடைந்தால் நீதிமன்றங்கள் கடுமையாகத்தான் பார்க்கின்றன.

உங்கள் விஷயத்தில் வலுவான பிடி விதி 34. குற்றச்சாட்டைத் தெரிவித்ததற்கும் விசாரணை தொடங்குவதற்கும் நடுவே குறைந்தது 96 மணி நேரம் இருக்க வேண்டும். ஆக்டிவ் சர்வீசில் (போர் நடவடிக்கையில், அல்லது அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியில்) இருந்தால் 24 மணி நேரம். 2009-ல் ஏ.கே. பாண்டே வழக்கில், இது கட்டாயமான விதி, பின்பற்றாவிட்டால் விசாரணையே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீங்கள் குற்றத்தை ஒத்துக்கொண்டீர்கள் என்பதால் இந்தக் குறை மறைந்துவிடாது. குற்றச்சாட்டுத் தாளைப் பெற்றுக்கொண்டு போட்ட கையெழுத்தின் தேதியையும் விசாரணை தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் இருந்த இடம் ஆக்டிவ் சர்வீஸ் பகுதியாக அறிவிக்கப்பட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் 96-ஆ 24-ஆ என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அடுத்தது, ஒத்துக்கொண்ட விதம். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது குற்றச்சாட்டு என்ன, ஒப்புக்கொள்வதால் என்ன ஆகும் என்பதை விளக்கிவிட்டுத்தான் அதைப் பதிய வேண்டும் என்று விதி 115 சொல்கிறது. விளக்கியதையும் பதிய வேண்டும். அச்சடித்த படிவத்தில் ஒரு வரி, கீழே உங்கள் கையெழுத்துகூட இல்லை என்ற நிலை இருந்தால், ராணுவத் தீர்ப்பாயத்தில் (படையினர் வழக்குகளுக்கான ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனல்) அதை நிச்சயம் எழுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, குற்றம் அந்த சி.ஓ.வுக்கே எதிரானதா என்று பாருங்கள். அப்படியானால், உடனடியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய கடுமையான காரணம் இல்லாதபோது, மேலதிகாரியிடம் அனுப்பிக் கேட்காமல் அவரே விசாரிக்கக் கூடாது. சட்டத்தின் 120-வது பிரிவு அது. 1987-ல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு இதற்குப் பக்கத்தில் வருவது. சி.ஓ. தன்னைக் கொடுமைப்படுத்துவதாக மேலதிகாரிகளுக்கு நேரடியாக எழுதியதற்காக ஒரு சிக்னல்மேன் 28 நாள் தண்டனையில் இருந்தார். அப்போது சாப்பிடச் சொன்னதற்கு மறுத்தார் என்று குற்றம் சாட்டி, அவர் யாரைப் பற்றிப் புகார் எழுதினாரோ அந்த அதிகாரியே விசாரணையில் உட்கார்ந்து, ஒரு வருஷச் சிறையும் டிஸ்மிஸும் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் பாரபட்சம் என்றது, தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாத அளவு கடுமையானது என்றும் சொல்லி, அவரைத் திரும்பப் பணியில் சேர்க்கச் சொன்னது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 162-வது பிரிவின்படி, டிவிஷன் அல்லது பிரிகேட் கமாண்டர் சம்மரி கோர்ட் மார்ஷலின் பதிவுகளைப் பார்த்து அதை ரத்து செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் வழக்கின் தகுதியை வைத்துத்தான் செய்ய வேண்டும், வெறும் தொழில்நுட்பக் காரணங்களுக்காகக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதனால் மனுவில் "96 மணி நேரம் தரவில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நேரம் கிடைத்திருந்தால் எந்தச் சாட்சியை அழைத்திருப்பீர்கள், எந்த லீவு பேப்பரைக் காட்டியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். நடவடிக்கை சட்டவிரோதம் அல்லது அநியாயம் என்ற அடிப்படையில் அதை முழுதாக ரத்து செய்யும் அதிகாரம் 165-வது பிரிவில் மத்திய அரசுக்கும் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கும் இருக்கிறது. அந்த மனுவும் போடலாம்.

16 வருஷம் சர்வீஸ். லீவு முடிந்து தாமதமாகத் திரும்பியதற்கு டிஸ்மிஸ். தப்பு என்னுடையதுதான். வேலை வேண்டாம், பென்ஷனாவது கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், உங்களைப் போன்றவர்கள் இந்தப் பரிகாரத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

டிஸ்மிஸ் என்பது சட்டம் பட்டியலிட்ட தண்டனைகளில் ஒன்று. அது விழுந்தால் அதுவரை செய்த சர்வீஸ் முழுவதற்கும் பென்ஷன் தகுதி போய்விடும். விதிவிலக்காகக் குடியரசுத் தலைவரின் விருப்ப அதிகாரத்தில் தரலாம், அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் அந்தத் தண்டனைப் பட்டியலில் இல்லை. 15 வருஷம் முடித்தவர் டிஸ்சார்ஜ் ஆனால் சர்வீஸ் பென்ஷன் உண்டு. தண்டனை அதிகம் என்று தோன்றினால் அதைக் குறைக்கவும் வேறொன்றாக மாற்றவும் ராணுவத் தீர்ப்பாயத்துக்கு 2007-ஆம் ஆண்டு ராணுவத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. டிஸ்மிஸை டிஸ்சார்ஜாக மாற்றிப் பென்ஷனுக்கு வழி செய்த உத்தரவுகள் பல உண்டு. நீண்ட சர்வீஸ், பழைய தண்டனைகள் குறைவு, குற்றம் லீவு சம்பந்தப்பட்டது என்றால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. திருட்டு, ஆயுதம் காணாமல் போனது போன்றவற்றில் அந்த இரக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மனுவில் முதல் கோரிக்கையாக ரத்தைக் கேட்டு, மாற்றுக் கோரிக்கையாக டிஸ்சார்ஜாக மாற்றக் கேளுங்கள். மாற்றுக் கோரிக்கையை எழுதாமல் விட்டுவிட்டு வாதத்தின் கடைசி நாளில் வாய்மொழியாகக் கேட்பது நல்லதல்ல.

இதே போல 14 வருஷம் சில மாதங்களோடு அனுப்பப்பட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். 15 வருஷத்துக்குக் குறைவது 12 மாதத்துக்குள் இருந்தால் அந்தக் குறையை மன்னிக்க 2001-லிருந்து வழி உண்டு. எல்லா வகை டிஸ்சார்ஜுக்கும் இது பொருந்தாது. உங்கள் ஆணை எந்தப் பிரிவில் போடப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்தவர் என்ற வகை) இருந்தேன். "உடல்நிலைக்கேற்ற இலகுவான பணி (ஷெல்ட்டர்ட் அப்பாயின்ட்மென்ட்) இல்லை" என்று சொல்லி ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணியிலிருந்து போகும்போது பார்க்கும் மருத்துவக் குழு) மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பப்பட்டது 2010-க்கு முன் என்றால், 2008-ல் ராஜ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த முடிவு உங்களுக்கானது. உடல்நிலையைக் காரணமாகக் காட்டி ஒருவரை அனுப்புவதென்றால் இன்வேலிடிங் மெடிக்கல் போர்டின் (பணிக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்யும் மருத்துவக் குழு) பரிந்துரை வேண்டும் என்று அன்றைய விதிகளை வைத்து அது சொன்னது. அதைத் தவிர்த்துவிட்டுப் பொதுப் பிரிவில் அனுப்ப முடியாது என்றது. 2010-ல் விதி 13 திருத்தப்பட்டு, இலகுவான பணி இல்லாத நிரந்தர லோ மெடிக்கல் கேட்டகரிக்காரரை ரிலீஸ் மெடிக்கல் போர்டின் பரிந்துரையோடு அனுப்ப வழி வந்தது, ஆகவே ஆணையின் தேதியை முதலில் பாருங்கள். ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டிருந்தால் 2013-ன் தரம்வீர் சிங் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேரும்போது அந்த நோய் பதிவாகவில்லை என்றால் பணியால் வந்ததாகத்தான் கருத வேண்டும், இல்லை என்று சொல்லும் போர்டு காரணம் எழுத வேண்டும் என்பது அதன் சாரம்.

என் மகனுக்கு மனநலம் சரியில்லை. லீவில் வந்தவன் திரும்பப் போகவில்லை. நாங்கள் வேலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடிப்போனவன் என்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். அவனால் எதுவும் எழுத முடியாது. நான் என்ன செய்வது, அய்யா?

அம்மா, உங்கள் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. அதைக் காகிதத்தில் நிறுவ வேண்டும்.

30 நாள் வராமல் இருந்தால் கோர்ட் ஆஃப் இன்கொயரி வைத்து, வராததைப் பதிவு செய்வார்கள். அது 106-வது பிரிவு. ஓடிப்போனவர் என்றால் சி.ஓ. உள்ளூர் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 105-வது பிரிவு சொல்கிறது. அதை அப்ரிஹென்ஷன் ரோல் என்பார்கள். அது உங்கள் மாவட்டப் போலீசுக்கு வந்ததா, யாராவது வீட்டுக்கு வந்து கேட்டார்களா? வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். டிஸ்மிஸ் செய்யும் முன் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி 17. எந்த முகவரிக்கு அனுப்பினார்கள், யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானவை ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மகன் வராமல் இருந்ததாகச் சொல்லும் அதே தேதிகளில் சிகிச்சையில் இருந்ததைக் காட்டும் ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, அட்மிஷன் பதிவு எல்லாவற்றையும் திரட்டுங்கள். இப்போது வாங்கும் புதுச் சான்றிதழை விட அன்றைய கசங்கிய சீட்டுக்கு மதிப்பு அதிகம். யூனிட்டுக்கு நீங்கள் கடிதமோ தந்தியோ அனுப்பியிருந்தால் அதன் ரசீதையும் தேடுங்கள். மகனுக்காக நீங்கள் மனு செய்ய முடியும், மருத்துவரின் சான்றோடு. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதவும் அனுப்பவும் உதவி கேளுங்கள், தயங்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் போக முடியுமா?

முதலில் துறைக்குள் மனு கொடுக்க வேண்டும். பதில் வந்தால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, தள்ளிப்போடாமல் போங்கள். தாமதமாகிவிட்டால் போதிய காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். "வறுமை, விவரம் தெரியாது" என்று ஒரு வரியில் முடிக்காமல் வருஷ வாரியாகச் சொல்லுங்கள்.

பென்ஷன் வழக்குக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. மாதாமாதம் மறுக்கப்படுவது தொடரும் தவறு என்பதால் தாமதம் பெரிதாகத் தடுக்காது, நிலுவை மட்டும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்தோடு நின்றுவிடும். 2008-ன் தர்சேம் சிங் தீர்ப்பு இதைத்தான் சொன்னது. டிஸ்சார்ஜ் ஆணையையே எதிர்ப்பதற்கு இந்தத் தளர்வு எளிதில் கிடைக்காது, ஏனென்றால் அது ஒரே நாளில் முடிந்த செயல்.

எக்ஸ் சர்வீஸ்மேன் அடையாள அட்டை தர மறுக்கிறார்கள்.

ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்பட்டவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். மாவட்ட அலுவலகத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆணை மாறினால்தான் அட்டை வரும்.

கையில் ஒரு பேப்பரும் இல்லை. எங்கே தொடங்குவது?

உங்கள் ரெக்கார்ட் ஆபீசில் (பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்). மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டில்லரி என்றால் நாசிக். பணியிலிருந்து போகும் ஒவ்வொருவருக்கும் எந்த அதிகாரி அனுப்பினார், என்ன காரணம், மொத்த சர்வீஸ் எவ்வளவு என்று தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் சான்றிதழ் தர வேண்டும் என்று 23-வது பிரிவு சொல்கிறது. தமிழில் அது தரப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மற்றவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள்: ஷோகாஸ் நோட்டீஸ், உங்கள் பதில், தண்டனைப் பதிவுத் தாள், டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் தந்த உத்தரவு, கோர்ட் மார்ஷல் நடந்திருந்தால் அதன் முழுப் பதிவு. 30 நாளில் பதில் வர வேண்டும். கோர்ட் மார்ஷல் பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில், பணியிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் ஊரை வைத்தே மனு போடலாம். எங்கே டிஸ்சார்ஜ் ஆனீர்கள் என்பது தடையில்லை. வக்கீல் வைக்கலாம், நீங்களே நின்றும் பேசலாம். அங்கே தோற்றால் உயர் நீதிமன்றத்தை அணுக முடியும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது, அதனால் ஒவ்வொரு வழக்குக்கும் டெல்லி வரை போக வேண்டிய நிலை இப்போது இல்லை.