பொம்மைய உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்

போன மாசம் புள்ளைங்க விளையாட்டு சாமான் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே இவ்வளவு கடிதமும் வொட்ஸ்அப்பும் வரும்னு நினைக்கல. ஏற்றுமதிக்குப் போற பொம்மைங்கள டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல பல வருஷம் வேலை செஞ்சவ நான், அதனால இந்த விஷயத்துல எனக்குத் தெரிஞ்சத மனசுவிட்டு எழுதுறேன்.

அக்கா, என் மகனுக்கு 14 மாசம். மாமா துபாய்ல இருந்து ஒரு கார் செட் கொண்டுவந்து குடுத்தார், பெட்டில 3 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. மகன் நல்ல கெட்டிக்காரன், சொன்னா எல்லாம் புரிஞ்சுக்குவான். குடுக்கலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

குடுக்காதீங்க தங்கச்சி. கெட்டிக்காரப் புள்ளயா இருக்கட்டும், சந்தோஷம், ஆனா அந்த 3ங்கிற நம்பருக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்ல, அது தொண்டையோட அளவு. நிறைய அம்மாமார் இத 'இந்த வயசுலதான் விளையாடத் தெரியும்'னு நினைச்சுக்கிட்டு, நம்ம புள்ள முன்னேறினவன்தானேன்னு குடுத்துடுறாங்க. சிவப்பு வட்டத்துக்குள்ள 0-3ன்னு போட்டு ஒரு குழந்தை முகத்துக்குக் குறுக்கால கோடு கிழிச்சிருப்பாங்களே, அது சிபாரிசு இல்ல, எச்சரிக்கை.

லேப்ல ஒரு சின்ன சிலிண்டர் இருக்கு, உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சரிவா இருக்கும், ஒரு பக்கம் ஆழம் 25.4 மில்லிமீட்டர், மத்தப் பக்கம் 57.1. 3 வயசுக்குக் குறைஞ்ச புள்ளயோட தொண்டைய மனசுல வச்சு செஞ்ச அளவு அது. பொம்மைல இருந்து கழண்டு வந்த எதையும் அதுக்குள்ள போட்டுப் பார்ப்போம், அமுக்காம, எந்தப் பக்கமா திருப்பினாலும் சரி, முழுசா உள்ள அடங்கிட்டா அந்த சாமான் ஃபெயில். உங்க மாமா கொண்டுவந்த கார்ல சில்லுல மாட்டியிருக்கிற ரப்பர் டயர் இருக்கும் பாருங்க, நகத்தால நெம்பினாலே கழண்டு வரும், அது இந்த சிலிண்டருக்குள்ள சுலபமா போயிடும். எங்க அக்கா மகன் ஒன்றரை வயசுல இதே மாதிரி ஒரு டயர வாயில போட்டு, கன்னத்துக்குள்ள ஒதுக்கி வச்சிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு நின்னான், அக்கா விரல விட்டு எடுத்தா, எடுத்ததுக்கு அப்புறம்தான் அவளுக்குக் கை நடுங்குச்சு. அன்னைக்கு வீட்டுல யாருமே சாப்பிடல.

வீட்டுல சிலிண்டர் இல்லாட்டி டொய்லெட் டிஷ்யூ சுத்தி வர்ற அட்டைக் குழாய எடுங்க. அது நம்ம லேப் சிலிண்டர விடக் கொஞ்சம் அகலம், அதனால அதுக்குள்ள போற எதையும் தள்ளி வச்சீங்கன்னா கொஞ்சம் கூடுதலாவே கவனமா இருக்கீங்கன்னு அர்த்தம், அது நல்லதுதான். கார் செட்ட அலுமாரி மேல் தட்டுல வச்சிடுங்க, கெட்டுப்போற சாமான் இல்லையே.

லேப்ல டெஸ்ட் பண்றோம்னு சொல்றாங்களே, அங்க உண்மையில என்னதான் பண்றாங்க? ஒரு ஆள் பார்த்துட்டு சீல் குத்துறதா? – ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை

இல்ல அண்ணே, பார்க்கிறதுல என்ன தெரியும். புதுப் பொம்மை எல்லாமே நல்ல பொம்மைதான். பெட்டியத் திறந்தவுடனே யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்ல, ரெண்டு கிழமை புள்ளகிட்ட அடிபட்டு மிதிபட்டு கடிபட்டதுக்கு அப்புறம் அதுல இருந்து என்ன கழண்டு வருதுங்கிறதுதான் கேள்வி. அதனால எங்க வேலையே புள்ள பண்ற அநியாயம் எல்லாத்தையும் நாங்க முன்னாடியே பண்ணிப் பார்க்கிறதுதான்.

ஒரு கரடிப் பொம்மைய எடுத்துக்குங்க. கண்ணு பிளாஸ்டிக், துணிக்குப் பின்னால ஒரு வொஷர் போட்டு இறுக்கியிருப்பாங்க. முதல்ல அந்தக் கண்ண ஒரு கிளாம்ப்ல பிடிச்சு ஒரு பக்கமா முறுக்கி பத்து செக்கன் வைப்போம், அப்புறம் மத்தப் பக்கமா. அதே கண்ண விடாம அடுத்தது இழுக்கிற மிஷின்ல மாட்டுவோம், ஐரோப்பாவோட ஈஎன் 71 தரத்துல ஆறு மில்லிமீட்டர விடப் பெரிய பாகம்னா 90 நியூட்டன், அதாவது ஒம்பது கிலோ சாமான் அந்தக் கண்ணுல தொங்குற மாதிரி, பத்து செக்கன். கண்ணச் சுத்தி இருக்கிற துணி மெதுவா கூம்பு மாதிரி எழும்பி வரும், முகம் கோணும், நூல் ஒண்ணு ரெண்டு பிரியுற சத்தம் கேக்கும், அந்தப் பத்து செக்கனும் நான் மூச்ச விடாம நிப்பேன், எத்தனை வருஷம் செஞ்சும் அந்தப் பழக்கம் போகல. சில நேரம் டப்புன்னு கண்ணு கையோட வந்துடும். வந்த கண்ண எடுத்து சிலிண்டர்ல போடுவோம், உள்ள போயிடுச்சுன்னா அவ்வளவுதான், அந்தக் கரடி எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

தையலயும் இழுப்போம், அதுக்கு 70 நியூட்டன், பிரிஞ்சா உள்ள இருக்கிற பஞ்சு வாய்க்குப் போகும். பிளாஸ்டிக் சாமான்னா கீழ போடுவோம். ஐஎஸ்ஓ 8124ன்னு ஒரு உலகத் தரம் இருக்கு, அதுல ஒன்றரை வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க சாமான 138 சென்டிமீட்டர்ல இருந்து பத்து தரம் போடணும், ஏறக்குறைய நீங்க புள்ளயத் தோள்ல தூக்கி வச்சிருக்கும்போது அது கைல இருந்து நழுவி விழுற உயரம். அதுக்கு மேல வயசுன்னா 93 சென்டிமீட்டர், நாலு தரம். ஐரோப்பாக்காரங்க 85 சென்டிமீட்டர்ல இருந்து அஞ்சு தரம் போடுறாங்க. அப்புறம் ஒரு கிலோ இரும்புக் கட்டிய பத்து சென்டிமீட்டர் உயரத்துல இருந்து அது மேல விடுவோம், 110 நியூட்டன்ல அமுக்குவோம்.

உடைஞ்ச இடத்துல கூர் இருக்கான்னு பார்க்கிறதுக்கும் விரல நம்புறதில்ல, பெரியவங்க விரல் தடிச்ச விரல். ஒரு உருளைக் கம்பில டெஃப்லோன் டேப் சுத்தி, ஓரத்துல ஆறு நியூட்டன் அழுத்தத்துல வச்சு ஒரு முழு சுத்து சுத்துவோம், டேப் தொடுற இடத்துல பாதிக்கு மேல வெட்டுப்பட்டா அது கத்தி ஓரம்னுதான் கணக்கு. ஊசி முனைக்கு வேற கருவி, அதுல முனை போய் பட்டா சின்ன லைட் எரியும்.

இதுல எதுவுமே வேலை முடிஞ்சு திருப்பிக் குடுக்கிற மாதிரி சாமான வைக்காது. அதனாலதான் ஒரு பொம்மைய மட்டும் கொண்டுவந்து 'பார்த்துட்டுத் தாங்க'ன்னு கேட்டா முடியாதுன்னு சொல்லுவோம், பல பீஸ் வேணும்.

புறக்கோட்டைல வாங்கின எல்லாத்துலயும் சிஇ அடையாளம் இருக்கு. அப்போ எல்லாம் ஐரோப்பா டெஸ்ட் பாஸ் பண்ணினதா? – தெஹிவளை வாசகர்

அந்த அடையாளத்த ஒரு அரசாங்க அதிகாரி குத்துறதில்ல தம்பி, தயாரிப்பாளரே 'நான் ஐரோப்பா சட்டத்துக்குப் பொருந்துறேன்'னு சொல்லிப் போடுறது. நேர்மையான கொம்பனி உண்மையா டெஸ்ட் பண்ணிப் போடும், மத்தவன் அச்சடிக்கும்போது சும்மா சேர்த்து அடிச்சிடுவான், ரெண்டும் பார்வைக்கு ஒண்ணுதான். இந்தியச் சாமான்ல ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா கொஞ்சம் நம்பலாம், அங்க 2021 ஜனவரில இருந்து பொம்மைக்கு அது கட்டாயம், அவங்களோட ஐஎஸ் 9873 தரமும் நான் சொன்ன ஐஎஸ்ஓவத்தான் அடிப்படையா வச்சிருக்கு.

நான் முதல்ல பார்க்கிறது வேற. பெட்டில இறக்குமதி செஞ்சவர் பேரும் முகவரியும் இருக்கா? ஒரு ஆள் தன்னோட பேரப் போட்டு நிக்கிறார்னா பிரச்சினை வந்தா போய் கேக்க ஒரு கதவு இருக்கு. இல்லாட்டி பில்லாவது வாங்குங்க. சாமான்ல பிழை இருந்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு எடுத்துச் சொல்லலாம்.

திருவிழாக் கடைல லைட் எரியுற சுத்துற பம்பரம் வாங்கினோம், 150 ரூபா. இப்ப லைட் எரியல, புள்ள அதத் திறந்து பார்க்கிறான். பயமா இருக்கு. – ஒரு தாய், மட்டக்குளி

இத வாசிச்சவுடனே உங்களுக்குத் தனியா பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன். அந்தப் பம்பரத்த இப்பவே எடுத்து வைங்க அம்மா. உள்ள இருக்கிறது பொத்தான் பெட்டரி. லைட் எரியாத பெட்டரின்னா செத்த பெட்டரின்னு நினைக்காதீங்க, லைட்டுக்குப் பத்தாத கரண்ட் தொண்டைக்குப் பத்தும். முக்கியமா 20 மில்லிமீட்டர் அகலமான லித்தியம் பெட்டரி உணவுக் குழாய்ல மாட்டிக்கிட்டா, எச்சில் பட்டு கரண்ட் ஓடி, அந்த இடத்துல கோஸ்டிக் சோடா மாதிரி ஒரு காரம் உண்டாகி சதைய அரிக்கும், ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே பெரிய காயம் ஆகிடும். புள்ள ஆரம்பத்துல அழாமலே கூட இருக்கலாம், கொஞ்சம் எச்சில் வடியும், சாப்பிட மாட்டேங்கும், அவ்வளவுதான்.

விழுங்கினதுன்னு சந்தேகம் வந்தாலே போதும், பார்த்தாகணும்னு இல்ல, 1990க்கு எடுத்து சுவசெரிய அம்பியூலன்ஸ கூப்பிடுங்க, இல்லாட்டி நேரா பொரளை லேடி ரிட்ஜ்வேக்குக் கொண்டு ஓடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. டொக்டர்ட்ட 'காசு விழுங்கிட்டான் போல'ன்னு சொல்லாம 'பெட்டரியா இருக்கலாம்'னு சொல்லுங்க, எக்ஸ்ரேல ரெண்டும் வட்டமாத்தான் தெரியும், பெட்டரிக்கு மட்டும் ஓரத்துல இன்னொரு வளையம் தெரியும், அத அவங்க தேடிப் பார்க்கணும்.

ஒழுங்கான பொம்மைல இந்தப் பெட்டரி மூடிய ஸ்க்ரூ டிரைவர் இல்லாமத் திறக்க முடியாது, இல்லாட்டி ரெண்டு வேலை ஒரே நேரத்துல செஞ்சாத்தான் திறக்கும். கடைல நின்னபடியே நகத்தால மூடிய நெம்பிப் பாருங்க, திறந்துச்சுன்னா வச்சிட்டு வாங்க. காந்தமும் இதே மாதிரிதான். சக்தியான குட்டிக் காந்தம் ஒண்ணு போனா தானா வெளிய வந்தாலும் வரும், ரெண்டு போனா குடலோட ரெண்டு மடிப்ப நடுவுல வச்சு ஒண்ண ஒண்ணு இழுத்து ஓட்டை போட்டுடும்.

பேரனுக்குத் தெரிஞ்ச ஆசாரிய வச்சு நடைவண்டி செய்யப் போறேன். ஏதாவது கவனிக்கணுமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், தெமட்டகொடை

ஐயா, இந்தக் காலத்துல நடைவண்டி செஞ்சு குடுக்கிற தாத்தா கிடைச்ச பேரன் குடுத்து வச்சவன். ஒரு விஷயம் ஆசாரிகிட்ட கட்டாயம் சொல்லுங்க, சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. இடைவெளி கொஞ்சமா இருந்தா நல்லதுதானேன்னு நினைப்போம், பாதி இடைவெளிதான் ஆபத்து, விரல் உள்ள போகும் ஆனா வராது. லேப்ல 5 மில்லிமீட்டர் கம்பியும் 12 மில்லிமீட்டர் கம்பியும் வச்சிருப்போம், சின்னக் கம்பி உள்ள போச்சுன்னா பெரிய கம்பியும் தாராளமா போகணும், இல்லாட்டி சின்னதே போகக் கூடாது. ஒரு பென்சில் ஏழு எட்டு மில்லிமீட்டர் இருக்கும், பென்சில் போய் உங்க சுண்டுவிரல் போகாத இடம் எதுவோ அது பிழையான இடம்.

ஆணித் தலை வெளிய நிக்கக் கூடாது, சிலாம்பு இருக்கக் கூடாது, பழைய நைலோன் சொக்ஸக் கைல மாட்டிக்கிட்டு மரத்துல தடவிப் பாருங்க, சிக்கினா இன்னும் தேய்க்கச் சொல்லுங்க. இழுக்கிறதுக்குக் கயிறு கட்டாதீங்க. கைக்குழந்தை சாமான்ல கயிறு 220 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாணுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு, கழுத்துல சுத்தாம இருக்கத்தான்.

பீப்பீயும் பலூனும் குடுக்கலாமா? – வாசகி, பம்பலப்பிட்டி

பீப்பீய வாங்கி நீங்களே முதல்ல பலமா ஊதுங்க, பலமா உறிஞ்சுங்க, பத்து தரம். நாங்களும் காத்து மிஷின வச்சு அதத்தான் செய்யறோம். உள்ள சத்தம் போடுற தகடு கழண்டு வாய்க்கு வந்தா குப்பைல போடுங்க. பலூன் ஊதாம இருக்கும்போதும் வெடிச்ச பிறகும்தான் பயங்கரம், ஈர ரப்பர் தொண்டை வடிவத்துக்கே ஒட்டிக்கும், எட்டு வயசு வரைக்கும் பெரியவங்க பக்கத்துல இருக்கணும். பிறந்தநாள் முடிஞ்சதும் முதல்ல துண்டுகளப் பொறுக்குங்க, மிச்ச கேக்க அப்புறம் பார்க்கலாம்.

நான் மெயின் வீதிப் பக்கம் பொம்மைக் கடை வச்சிருக்கேன். நீங்க எழுதினத வாசிச்சுட்டு ஆக்கள் வந்து எல்லாத்தையும் இழுத்துப் பார்க்கிறாங்க. டெஸ்ட் பண்ணின சாமான் விலை கூட, எல்லாராலயும் வாங்க முடியுமா? காசில்லாத வீட்டுப் புள்ளைக்குப் பொம்மை வேணாமா? – ஒரு கடைக்காரர்

அண்ணே, உங்க கேள்விதான் இந்த முறை என்னை ரெண்டு நாள் தூங்க விடல. நீங்க சொல்றது உண்மை, நானும் 50 ரூபா பொம்மையோட வளர்ந்தவதான், அந்தச் சந்தோஷத்த யார்கிட்ட இருந்தும் பிடுங்க எனக்கு மனசு வராது. ஆனா விலை குறைஞ்ச சாமான் எல்லாமே ஆபத்தான சாமான் இல்ல. ஒரே வார்ப்புல ஊத்தின, கழலுறதுக்கு ஒண்ணுமே இல்லாத பெரிய பிளாஸ்டிக் வாளி, தடிச்ச பந்து, கண்ண ஒட்டாம நூலால தச்ச துணிப் பொம்மை, இதெல்லாம் மலிவு, பெரும்பாலும் எங்க சிலிண்டருக்குப் பயப்படவும் தேவையில்ல. பந்துன்னா மட்டும் 44.5 மில்லிமீட்டர விடப் பெருசா இருக்கட்டும், உருண்டை சாமானுக்குத் தனிக் கணக்கு.

நீங்க ஒண்ணு செய்யலாம். ஒரே கூடைல எல்லாத்தையும் கொட்டி வைக்காம, 3 வயசுக்குக் குறைஞ்சதுக்குன்னு தனியா ஒரு தட்டு வைங்க, அதுல போடுற ஒவ்வொரு மாதிரிலயும் ஒண்ண நீங்களே உடைச்சுப் பார்த்துட்டுப் போடுங்க. ஒரு டிஷ்யூ குழாய கல்லாப் பக்கத்துல நூல்ல கட்டித் தொங்க விடுங்க. கைப்புள்ளயோட வர்ற தாய்கிட்ட 'தங்கச்சி, புள்ளைக்கு எத்தனை மாசம்?'னு ஒரு வார்த்தை கேளுங்க, நீங்க கேட்டா அவ சொல்லுவா. நான் அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் வருவேன், அந்தத் தட்டுல எத எத வைக்கலாம்னு கூட நின்னு பிரிச்சுத் தர்றேன், காலைல பத்து மணிக்கு முன்னாடி வந்தா சனம் குறைவா இருக்கும்தானே?