கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கக் கூடாது?

மூன்றாவது மாதம், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், அந்தப் பயம் நன்றாகவே தெரியும். ஆனால் பயந்துபோய்ப் பாதிச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அரை வயிறாகக் கிடக்காதீர்கள், அதுவும் ஆபத்துதான். இது என்ன பொருள் என்பதைவிட, நன்றாக வெந்ததா, எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று பாருங்கள்.

முதலில் லிஸ்டீரியா என்ற கிருமி. மற்ற கிருமிகள் பலவும் குளிரில் அடங்கிக் கிடக்கும், இதுவோ ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மெதுவாகப் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலியோடு போய்விடலாம், குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும், கருச்சிதைவு வரைகூடப் போகலாம். சாப்பிட்டுப் பல வாரம் கழித்து அறிகுறி வருவதும் உண்டு, அதனால் எதைத் தின்று வந்தது என்றே பிடிபடாது. காய்ச்சாத பால், அதில் செய்த மென்மையான சீஸ், பாக்கெட்டில் வரும் இறைச்சித் துண்டுகளைச் சூடாக்காமல் அப்படியே சாப்பிடுவது, மூன்றும் வேண்டாம். நல்லவேளையாக இந்தக் கிருமி சூட்டில் செத்துப்போகும். மீந்ததை மேலாகச் சுட வைக்காமல் நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள், தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பவர் என்றால் 74 டிகிரி செல்சியஸ். சமைத்தது 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம்.

அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத இறைச்சி, பச்சை முளைப்பயறு இவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காய்கறி, பழங்களை மண் போகக் கழுவுங்கள்.

மீனை அடியோடு நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். சுறா, வாள்மீன் மாதிரி பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தின்று உடம்பில் பாதரசம் சேர்த்து வைத்திருக்கும், அவைதான் ஆகாது. மத்தி, சால்மன் போன்றவற்றை வாரம் 2 முறை வேகவைத்துச் சாப்பிடலாம், அதிலுள்ள ஒமேகா 3 குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டும்.

காபியை முழுக்க விட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் இருக்கட்டும், ஒரு மக் இன்ஸ்டன்ட் காபியில் ஏறக்குறைய 100 இருக்கும், டீ, கோலா, சாக்லேட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு மட்டும் காபியோ டீயோ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. மது ஒரு சொட்டும் வேண்டாம், இந்த அளவு பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது.

அப்புறம், சத்துதானே என்று கடையில் கிடைக்கும் வைட்டமின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், ஈரலை ஒதுக்கச் சொல்வதும் இதனால்தான். ஃபோலிக் அமிலம் அப்படியில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒரு நாளும் விடாதீர்கள்.

"இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று வற்புறுத்துவார்கள். முதல் 3 மாதத்துக்குக் கூடுதல் கலோரி கிட்டத்தட்ட தேவையே இல்லை, அதனால் குமட்டலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது என்றால் கலங்காதீர்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், சமீபத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.