நிச்சயதார்த்தத்துக்கு பெயிண்ட்: கார்டைத் தேய்ப்பதா, நாமே அடிப்பதா?

கேள்வி: தஞ்சாவூரில் 600 சதுர அடியில் சொந்த வீடு. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். டீசல் போக நாளைக்கு 900 ரூபாய் நிற்கும். எனக்குத் தனியார் பள்ளியில் 14,000 சம்பளம். தை பிறந்ததும் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்குள் மட்டும் பெயிண்ட் அடிக்க 40,000 கேட்கிறார்கள் (பொருள் 15,000, கூலி 25,000). கையில் 18,000தான் இருக்கிறது. மீதியை கிரெடிட் கார்டில் போடலாமா, நகையை அடகு வைக்கலாமா? நாங்களே அடித்தால் மிச்சமாகுமா?

பதில்: கார்டு வேண்டவே வேண்டாம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால், 22,000 நிலுவைக்கு ஒரு மாதத்துக்கே 770 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் நிச்சயத்தன்று பெண் கழுத்தில் இருக்க வேண்டியது வங்கி லாக்கரில் இருக்கும்.

நீங்களே அடியுங்கள், ஆனால் முழு வீட்டையும் அல்ல. கூலி 25,000-மும் மிச்சம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் வண்டியை நிறுத்தினால் 6,300 ரூபாய் போச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரி ஏழு மணிக்கு மேலும்தான் வேலை. அந்த நேரத்தில் இரண்டு பேரால் முடிவது ஹாலும் ஒரு படுக்கையறையும். வருகிறவர்கள் உட்காரப் போவதும் அங்கேதான். சமையலறையைச் சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி எடுக்காமல் அங்கே எந்த பெயிண்டும் நிற்காது. சீலிங் பக்கமும் போக வேண்டாம்.

ஹால் 14-க்கு 12, அறை 10-க்கு 10, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பக்கச் சுவர்களும் சேர்ந்து 920 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 100 கழித்தால் 820. டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு வழவழப்பான சுவருக்கானது. நம் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு 60 சதுர அடி என்று எடுங்கள். ஒரு 10 லிட்டர், ஒரு 4 லிட்டர் போதும். லிட்டர் 200 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண எமல்ஷனே தாராளம், 2,800 ஆகும். பட்டி, பிரைமர், ரோலர், பிரஷ், உப்புத்தாள் எல்லாம் 2,200-க்குள் அடங்கும். பட்டி பார்க்க மட்டும் ஒரு நாள் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், 1,200 கொடுத்தாலும் நஷ்டமில்லை. பட்டி மேடு பள்ளமாகிவிட்டால் டியூப்லைட் வெளிச்சத்தில் அத்தனையும் காட்டிக்கொடுக்கும். ஆக மொத்தம் 6,200. ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மீதி 11,800 விசேஷச் செலவுக்கு அப்படியே இருக்கட்டும்.

பணம் வீணாவது பெரும்பாலும் ஓதத்தில்தான். என் வீட்டில் குளியலறையை ஒட்டிய சுவர் உப்புப் பூத்து உரிந்தது. இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தேன். கடைசியில் பார்த்தால் உள்ளே பைப் ஜாயின்ட் கசிந்துகொண்டிருந்தது. பிளம்பர் வாங்கிய கூலி, நான் பெயிண்டுக்குக் கொட்டியதில் பாதிகூட இல்லை. நீங்கள் ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாகச் சுவரில் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் சுவர் காயவில்லை என்று அர்த்தம். கார்த்திகை மழை விடட்டும். மார்கழி முதல் வாரம் தொடங்கினால் போகிக்குள் முடித்துவிடலாம். பட்டிக்கு வரும் ஆளை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். பொங்கல் நெருங்கினால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இரண்டு டப்பாவையும் ஒரே நாளில், ஒரே ஷேடு நம்பரில் வாங்குங்கள். கலர் கலந்த டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். மிஞ்சுவதை பாட்டிலில் ஊற்றி, நம்பரை எழுதி மூடி வையுங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் சோபாவுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள், தலை சாய்த்த எண்ணெய்க் கறை வரிசையாக இருக்கும்.