எழுதுவதைச் சொல்வதில்லை, கற்பதைச் சொல்லலாம்

அன்புள்ள ஐயா,

இப்போது என்ன எழுதுகிறீர்கள், என்ன வாசிக்கிறீர்கள், புதிதாக ஏதாவது கற்கிறீர்களா என்று அவ்வப்போது நீங்கள் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும். நான் எதையாவது தொடங்குவேன், நாலு பேரிடம் சொல்வேன், அத்தோடு விட்டுவிடுவேன். செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே சொல்லலாமா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. கதையை நண்பரிடம் டீக்கடையில் சொல்லிவிட்டால் பாதி ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு உட்கார்ந்து எழுத ஏது வேகம்? ஒரு நாவல் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கற்பது வேறு. அதை ஊரெல்லாம் சொல்லலாம். யாராவது திருத்துவார்கள், யாராவது புத்தகம் தருவார்கள். நான் கல்வெட்டு வாசிக்கப் பழகுகிறேன் என்று சொல்லப்போய்த்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிறுதோறும் கூட வருகிறார்.

சோழர் காலக் கல்லெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும் ஒன்றேபோல இருக்கும். ஆகவே ‘போல’ என்று வெட்டியிருப்பதைப் பொல என்றும் வாசிக்கலாம், பெரல, பேரல என்றும் வாசிக்கலாம். இதற்கு ஆசிரியர் சொன்ன வழி, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழ்ந்து வரும் மெய்க்கீர்த்தியை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்க் கல்முன் நிற்பது. ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று ராஜராஜனுடையது உங்களுக்குத் தெரியும் என்றால், கல்லில் அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடிக்கலாம். அரசனின் பெருமையைப் பாட எழுதியது இன்று அரிச்சுவடியாகப் பயன்படுகிறது!

மெய்க்கீர்த்தி முடிந்த பிறகுதான் கஷ்டம், சுவாரஸ்யமும் அங்கேதான். இப்போது தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டில் இருக்கிறேன். தளிச்சேரி என்பது கோயில் பெண்கள் குடியிருந்த தெரு. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 பெண்களின் பெயர்கள், தெரு வாரியாக, சிறகு வாரியாக (சிறகு என்பது தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை). தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசையாகப் போகிறது. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம்... ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதற்கும் விதி உண்டு. அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், பாடுவோர், தச்சர், தையற்காரர் எல்லோரும் வருகிறார்கள். சோழர் கதை என்றாலே குதிரையும் வாளும்தான் என்று எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது இந்தப் பட்டியலை முழுதாக வாசிக்க வேண்டும். அந்தப் பெண்கள் தாமாக விரும்பி வந்தார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வாசிப்பும் இதையொட்டித்தான். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவின் கட்டுரைகள். திருச்சிக்குப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் நிலம் ஊர்ப் பொதுவாகவும், பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த, மற்றதில் தனியார் கையிலும் இருந்ததைக் காட்டியவர். சுப்பராயலு, மட்சுயி என்ற ஆய்வாளர்கள் இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை அகராதிபோலத் தொகுத்து 1978இல் வெளியிட்டார். தூங்கவைக்கும் புத்தகம் என்பார்கள். எனக்கு நாவலைவிட வேகமாகப் போகிறது.

உங்கள் பழக்கத்துக்கு வருகிறேன். நாலு பேரிடம் ‘தொடங்கப்போகிறேன்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்த வரியில் மாட்டிக்கொண்டேன்’ என்று சொல்லுங்கள். முதலாவதற்குப் பாராட்டு வரும், இரண்டாவதற்கு உதவி வரும். கல்வெட்டிலேயே ஆர்வம் என்றால் உங்களுக்குக் குறையே இல்லை, கும்பகோணத்தைச் சுற்றி எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழே உள்ள அடித்தளத்தில், எழுத்து இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெளியும். தெரியவில்லை என்று சாக்பீஸ் மட்டும் தேய்க்காதீர்கள். படம் எடுத்து அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் காட்டுகிறேன்.