கேள்வி பதில்: ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடுவோருக்கு

ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் மணமுடித்தவர்களும் அங்கிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களும் அனுப்பிய கேள்விகள் இவை. என் கணவர் வீட்டாரின் ஐந்து தலைமுறையைத் தேடிய அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, என் மாமனாரின் பாட்டி டண்டீ சணல் ஆலையில் வேலை பார்த்தவர். பெயர் மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது?

இறப்புப் பதிவில் தொடங்குங்கள். எல்லோரும் பிறப்புப் பதிவைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஒரே பெயரில் பல குழந்தைகள் வந்து நிற்பார்கள். அதில் நம் பாட்டி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்காட்லாந்தின் இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய், தந்தை இருவரின் பெயரும் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பதிவுகளில் இந்த வசதி கிடையாது. அடுத்துத் திருமணப் பதிவைப் பாருங்கள். அதில் மணமக்கள் இருவரின் பெற்றோரும் வந்துவிடுவார்கள். இவற்றின் படங்கள் ‘ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்’ என்ற அரசு இணையதளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன.

ஆனால் இறப்புப் பதிவில் இருப்பது இறந்தவர் சொன்னதல்ல. பக்கத்தில் கையெழுத்திட்டவர் யார், அவருக்கு என்ன உறவு என்று முதலில் பாருங்கள். என் கணவரின் கொள்ளுப்பாட்டி இறந்தபோது தகவல் கொடுத்தவர் அண்டை வீட்டுக்காரர். அவர் சொன்ன தாய்ப் பெயர் தவறு. அதை நம்பி ஓராண்டு முழுவதும் வேறொரு குடும்பத்தின் பின்னால் போனேன். மகள் கையெழுத்திட்ட பதிவென்றால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை வரும். அப்போதும் திருமணப் பதிவோடு ஒப்பிடாமல் விடமாட்டேன்.

1855ஆம் ஆண்டுப் பதிவு கிடைத்தால் புதையல் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அந்த முதல் ஆண்டில் பிறப்புப் பதிவிலேயே பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணமான நாள், குழந்தைக்கு முன்பிறந்தோர் எத்தனை பேர் என எல்லாம் கேட்டார்கள். இறப்புப் பதிவில் பிள்ளைகளின் பெயர்களும் வயதும் உண்டு. பதிவாளர்களால் இவ்வளவையும் எழுதி மாளவில்லை. மறு ஆண்டே பலவற்றைக் கைவிட்டார்கள். பெற்றோரின் திருமண விவரம் 1861இல் பிறப்புப் பதிவுக்குத் திரும்பியது. ஆகவே உங்கள் நேர் முன்னோர் அந்த ஆண்டில் சிக்காவிட்டால், அவருடைய உடன்பிறந்தோர் யாராவது 1855இல் இறந்தாரா, குழந்தை பெற்றாரா என்று தேடுங்கள். நான் அப்படித்தான் இரண்டு தலைமுறை தாண்டினேன்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவருக்கு 30 வயது, 1851இல் 44. இரண்டு பேரா?

ஒரே ஆளாக இருக்கலாம். 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆனது அப்படித்தான். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் சிறுவன் மகனாகவும் இருக்கலாம், தம்பி மகனாகவும் இருக்கலாம். உறவும் பிறந்த ஊரும் 1851இல்தான் வருகின்றன.

1861ஐயும் தவறவிடாதீர்கள். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று எழுதியிருப்பார்கள். எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு நேராக ‘1’ என்று பார்த்த நாளில் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

கணக்கெடுப்பில் பெயருக்கு எதிரே ‘ஜி’ என்ற எழுத்து இருக்கிறதே?

1891 முதல், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் மட்டும் பேசியவருக்கு அந்தக் குறி. ஆங்கிலமும் பேசினால் இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள்.

தாத்தாவின் பிறப்புப் பதிவில் தந்தை பெயர் இல்லை. தேடல் இத்தோடு முடிந்ததா?

இல்லை. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் பதிவில், தந்தை நேரில் வந்து தாயுடன் கையெழுத்திட்டிருந்தால்தான் அவர் பெயர் ஏறியிருக்கும். பதிவின் ஓரத்தில் சிறு குறிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அது திருத்தப் பதிவேட்டுக்கு வழிகாட்டும். தாய் வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் இன்னார்தான் தந்தை என்று தீர்ப்பளித்திருந்தால் அங்கே பெயர் இருக்கும். குறிப்பு இல்லையென்றால், தாய் வாழ்ந்த ஊரின் திருச்சபை மன்றக் குறிப்பேடுகளைப் பாருங்கள். மணமாகாத தாய்மாரை மன்றத்தார் அழைத்து, தந்தை யார் என்று விசாரித்திருப்பார்கள். படிக்கும்போது மனம் கனக்கும். ஆனாலும் பல குடும்பங்களுக்குப் பெயர் கிடைத்த இடம் அதுதான். தாத்தாவின் திருமணப் பதிவிலும் அவரே தந்தை பெயரைச் சொல்லியிருக்கக் கூடும்.

1921 கணக்கெடுப்புக்குப் பின் வந்த கணக்கெடுப்பைப் பார்க்கலாமா?

1931 கணக்கெடுப்புக்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் 1931 ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன, ஸ்காட்லாந்துடையவை தப்பின.

எங்கள் பூட்டனார் அபர்டீன்காரர். சென்னையில் மணமுடித்தவர் என்பது குடும்பப் பேச்சு. திருமணப் பதிவு எடின்பரோ ஆவணங்களில் கிடைக்குமா?

திருமணம் அங்கே இருக்க வாய்ப்பில்லை. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன; இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர் என்றால் 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை முதலில் நினைவில் வையுங்கள். திருமணப் பதிவில் மணமகனின் தந்தை பெயரைப் பாருங்கள். தாய் பெயரை அதில் எதிர்பார்க்க வேண்டாம். கல்லறைக் கல் இருந்தால் சொந்த ஊர் அதில் பொறித்திருக்கலாம். தந்தை பெயர் கையில் வந்ததும் எழுதுங்கள். அபர்டீன் கணக்கெடுப்பு ஏடுகளில் அந்தக் குடும்பத்தை நானும் உங்களோடு சேர்ந்து தேடுகிறேன்.