வாசகர் கேள்வி – பதில்: டாப் லோடு வாஷிங் மெஷினும் வீட்டுத் தண்ணீரும்

மெஷின் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. போர் தண்ணீர்தான். சில மாதங்களாகத் துவைத்த துணியில் கறுப்பாகச் செதில் செதிலாக ஒட்டியிருக்கிறது. அடர்நிறச் சுடிதார்களில் வெள்ளைத் திட்டும் விழுகிறது. டிரம் துருப்பிடித்துவிட்டதா?
– வாசகி, அருப்புக்கோட்டை

துரு இல்லை. நீங்கள் பார்க்கும் ஸ்டீல் டிரம்முக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. தண்ணீரைத் தாங்கி நிற்பது அந்தத் தொட்டிதான். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சோப்பு, துணி அழுக்கு, கம்ஃபர்ட் போன்ற திரவங்களின் பிசுபிசுப்பு, போர் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து ஆடை போலப் படிகின்றன. அதில் பூஞ்சையும் வளரும்போது கறுப்பாகிறது. அது உரிந்து, டிரம் துளைகள் வழியாகத் துணிக்கு வருகிறது.

வெள்ளைத் திட்டுக்கும் இதே தண்ணீர்தான் காரணம். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பவுடரின் வேலையைப் பாதியில் முடக்கிவிடும். கரையாத பவுடரும் சுண்ணாம்பும் துணி மடிப்பில் தங்கிக் காய்ந்து திட்டாகின்றன. 'எங்கள் தண்ணீர் உப்புக் கரிக்காது, அதனால் கடின நீர் இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். சுவையும் கடினத்தன்மையும் வேறு வேறு. காலி பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர்போல் திரிந்தால் அது கடின நீர். இந்தச் சோதனைக்குத் துணி பவுடரைப் பயன்படுத்த வேண்டாம். அது கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும்.

முதலில் டிரம்மைச் சுத்தம் செய்யுங்கள். நாட்டு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் கிடைக்கும். 200 கிராம் போதும். கை தாங்கும் சூட்டில் இரண்டு வாளி வெந்நீர் எடுத்து, அதில் எலுமிச்சை உப்பைக் கரைத்துக் காலி டிரம்மில் ஊற்றுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் தொட்டியும் ரப்பர் சீலும் தாங்காது. நீர் அளவை அதிகபட்சமாக வைத்து மீதியை மெஷினையே நிரப்பவிடுங்கள். ஐந்து நிமிடம் சுற்றியதும் பாஸ் செய்து (இடையில் நிறுத்தி) ஒரு மணி நேரம் ஊறட்டும். சில மெஷின்கள் நெடுநேரம் பாஸில் இருந்தால் தானாக அணைந்துவிடும். தண்ணீர் உள்ளேயே இருக்கும், மறுபடி ஆன் செய்து தொடரலாம். பிறகு முழு சுற்றும், அதையடுத்து வெறும் தண்ணீரில் இன்னொரு சுற்றும் ஓட்டுங்கள். உரிந்த செதில்கள் லிண்ட் ஃபில்டர் பையில் குவிந்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். முதல் தடவை வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐந்து வருடப் படிவு ஒரே தடவையில் போகாது. வாரம் ஒன்றாக மூன்று வாரம் செய்துவிட்டு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. எலுமிச்சை உப்பு போடும் நாளில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ டிரம்முக்குள் போகக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

துவைக்கும்போது பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு மக் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். திரவ டிடெர்ஜென்ட் என்றால் இன்னும் நல்லது. சலவை சோடா சேர்த்தால் கடினத்தன்மை போய்விடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது சுண்ணாம்பைத் துகளாகப் பிரித்துத் துணியிலேயே படியவிடும். குழாயில் மாட்டும் பாஸ்பேட் உருண்டை ஃபில்டர் ஓரளவு பலன் தரும். உருண்டைகள் கரைந்து சிறுத்ததும் புதிதாக நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் மாட்டியும் பயனில்லை.

மாடி வீட்டில், மொட்டைமாடி டேங்கிலிருந்து தண்ணீர் வருகிறது. மெஷின் நிரம்பவே அரை மணி ஆகிறது. சில நாள் திரையில் 'ஐஇ' என்று காட்டி நின்றுவிடுகிறது. அணைத்து வைத்திருந்தாலும் காலையில் டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வால்வை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.
– வாசகர், திருச்சி

கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். 'ஐஇ' என்பது குறித்த நேரத்தில் தண்ணீர் ஏறவில்லை என்ற பிழைக்குறி. சில கம்பெனி மெஷின்களில் இதே கோளாறு '4சி' அல்லது '4இ' என்று வரும்.

டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம். ஒரு மீட்டர் உயரத்துக்கு சுமார் 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). பல மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் தேவை, அதாவது மெஷின் குழாய்க்கு மேல் 3 மீட்டரில் தண்ணீர் இருக்க வேண்டும். மேல்தள வீட்டில், டேங்க் தளத்தின்மேல் நேராக உட்கார்ந்திருந்தால் இந்த உயரம் கிடைப்பது அரிது. தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் திரை இறுக மூடுவதும் தண்ணீரின் அழுத்தத்தால்தான். அழுத்தம் குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் சொட்டும். காலையில் தேங்கியிருக்கும் தண்ணீர் அப்படி வந்ததாக இருக்கலாம். மணல் துகள் சிக்கினாலும் இதேதான் நடக்கும்.

முதலில் குழாயை மூடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷினின் பின்பக்கம் ஹோஸைக் கழற்றினால், வால்வின் வாயில் விரல்நுனி அளவு வலை தெரியும். மூக்கு நீண்ட கொறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சுண்ணாம்பு பிடித்திருந்தால் எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்பப் பொருத்துங்கள். வலை இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

பிறகு ஹோஸின் மெஷின் பக்க முனையை ஒரு 10 லிட்டர் வாளியில் விட்டுக் குழாயைத் திறங்கள். நிரம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் அழுத்தம் போதாது என்று வைத்துக்கொள்ளலாம். புது வால்வு போட்டாலும் அழுத்தம் அதிகரிக்காது. டேங்க்கின் கீழே மேடை கட்டி உயர்த்துங்கள், அல்லது சிறிய பிரஷர் பம்பு வையுங்கள். அவசரத்துக்கு வாளியால் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றலாம். மட்டம் எட்டியதும் மெஷின் தானே துவைக்கத் தொடங்கிவிடும். வாளி நிரம்பும் வேகம் நன்றாக இருந்தும் சொட்டு நிற்கவில்லை என்றால் மெக்கானிக் சொல்வது சரி, வால்வை மாற்றுங்கள். அதுவரை துவைத்து முடித்ததும் குழாயை மூடிவிடுங்கள்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, துவைக்கவே ஆரம்பிப்பதில்லை.
– வாசகி, சேலம்

தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் ஹோஸின் முனையைப் பாருங்கள். நிரம்பும்போதே அங்கே தண்ணீர் ஒழுகினால் டிரெய்ன் வால்வு மூடவில்லை. பெரும்பாலும் சட்டைப் பையிலிருந்து போன ஒரு ரூபாய்க் காசு, ஊக்கு, ஹேர்பின் இடையில் நின்றிருக்கும். ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் மேல் விளிம்புவரை போகிறது என்றால் நீர்மட்டம் அறியும் சிறு குழாயில் அழுக்கு அடைத்திருக்கலாம் அல்லது குழாய் கழன்றிருக்கலாம். இரண்டும் மெக்கானிக் வேலை. என்ன பார்த்தீர்கள் என்று சொல்லி அழையுங்கள், நேரமும் பணமும் மிச்சம்.

தண்ணீர் வெளியேறவில்லை என்பவர்களும் ஹோஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீரை வெளியேற்றும் பம்பு இல்லாத மெஷின்களில் தண்ணீர் தானாக இறங்க வேண்டும், ஹோஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். அதைத் தூக்கி வாஷ்பேசினில் விட்டால் தண்ணீர் நின்றுவிடும்.

ஸ்பின் வரும்போது மெஷின் நடந்து கதவருகே வந்துவிடுகிறது!
– வாசகர், நாகர்கோவில்

நான்கு காலும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிரெதிர் மூலைகளை அழுத்தினால் ஆடக் கூடாது. முன்கால்களைத் திருகிச் சமன் செய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். கால் சரியாக இருந்தும் ஆடினால், ஒரே ஒரு கனமான பெட்ஷீட் அல்லது ஜமுக்காளம் போட்டிருப்பீர்கள். அது ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். இரண்டு துண்டு சேர்த்துப் போடுங்கள். இதெல்லாம் செய்தும் டிரம் பெட்டியின் சுவரில் இடித்தால், அதைத் தொங்கவிடும் நான்கு சஸ்பென்ஷன் ராடுகளில் ஒன்று தளர்ந்திருக்கும். நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

ரெயின்கோட், தார்ப்பாய், ரெக்ஸின் உறை ஆகியவற்றை ஸ்பின்னில் போடவே கூடாது. தண்ணீர் உள்ளேயே சிக்கி ஒரு பக்கம் கனத்து, மெஷின் உடைந்து ஆளுக்கே அடிபடும்.

புடவை முறுக்கிக்கொண்டு வருகிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பருத்திப் புடவையை நான்காக மடித்து வலைப்பைக்குள் போடுங்கள். பைக்கு ஒரு புடவை, மென்துவைப்பு முறையில். பட்டும் ஜரிகையும் மெஷினில் வேண்டாம்.

மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டால் தெரிவதில்லை.
– வாசகர், வேலூர்

உடனே நிறுத்துங்கள். செருப்புப் போட்டு ஓட்டுவது தீர்வே அல்ல. பிளக்கைப் பிடுங்கும் முன் அந்த இணைப்பின் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருப்பதால் எர்த் இருப்பதாக அர்த்தம் இல்லை. எர்த் சரியென்றால் கசிவு மெஷினுக்குள், மோட்டாரிலோ வயரிலோ. எலி கடித்த வயரும் இப்படிச் செய்யும். மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலித் தடுப்பு வலை போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வீட்டு மெயினில் கட்டாயம் இருக்க வேண்டும்.